பன்னிரண்டு எருதுகள் உழுத நிலம்



ஓவியம் என்றதும் அது பட்டணத்துப் பெரிய மண்டபங்களில் தொங்குவது, படித்தவர்களும் பணமுள்ளவர்களும் நின்று பார்ப்பது என்று எம்மில் பலர் எண்ணுகிறோம். எமது லயத்துக் காம்பராவின் சுவரில் மாட்டியிருப்பது கடைக்காரர் தந்த கலண்டர் படமும் திருவுருவப் படமுமே. ஆயினும் கமக்காரன் பார்த்தால்தான் முழுவதும் விளங்கும் ஓவியங்களும் உலகில் இருக்கின்றன. அவற்றுள் ஒன்றை இவ்விதழில் உங்களுடன் சேர்ந்து பார்க்க விரும்புகிறோம்.

அதன் பெயர் 'நிவெர்னேயில் உழவு'. பிரான்சு நாட்டின் நடுப்பகுதியில், லுவார் ஆற்றை அண்டியுள்ள பழைய மாகாணம் நிவெர்னே. அங்கு நடந்த உழவை 1849ஆம் ஆண்டில் ஒரு பெண் தீட்டி முடித்தார். அவர் பெயர் ரோஸா பொன்ஹர். அப்போது அவருக்கு வயது 27. படத்தின் அகலம் 2 மீற்றர் 60 சென்ரிமீற்றர், உயரம் 1 மீற்றர் 34 சென்ரிமீற்றர். ஒரு காம்பராவின் சுவரில் பெரும்பகுதியை அது மறைத்துவிடும். இன்று அது பாரிஸ் நகரில், பழைய புகையிரத நிலையம் ஒன்றைத் திருத்தி 1986இல் திறந்த ஓர்சே அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

இப்படத்தின் அச்சுப் பிரதி ஒன்றைக் கூட்ட மண்டபச் சுவரில் ஒட்டி, நிலத்தையும் தோட்டத்தையும் விட்டு இடம்பெயர்ந்து வந்த சில குடும்பங்களுடன் உட்கார்ந்து பார்த்தோம். விளக்கம் சொல்லவேண்டும் என்று குறிப்புகள் எழுதிக்கொண்டு போனோம். அவற்றில் பாதிக்குத் தேவை ஏற்படவில்லை.

படத்தில் என்ன இருக்கிறது?

மேலே தெளிந்த வானம். தூரத்தில் மரங்கள் அடர்ந்த ஒரு மேடு. முன்னால், அப்போதுதான் பிரட்டிப்போட்ட மண். கட்டி கட்டியாக, ஈரம் காயாமல், படைச்சால் படைச்சாலாகக் கிடக்கிறது. இரண்டுக்கும் நடுவே பன்னிரண்டு எருதுகள், ஆறு ஆறாக இரண்டு ஏர்களில் நடக்கின்றன. வெள்ளையும் இளஞ்சிவப்பும் கலந்த உடல்கள். தோள் தசை திரண்டு நிற்கிறது. கூடவே கோல் பிடித்த ஆட்கள் நடக்கிறார்கள். ஆனால் மனிதரின் முகங்கள் எமக்குச் சரியாகத் தெரிவதில்லை. உழுகிறவரை மாடுகளே மறைத்துவிடுகின்றன. படத்தின் நாயகர்கள் மாடுகளும் மண்ணும்தான்.

அந்த எருதுகளுள் ஒன்று எம்மைத் திரும்பிப் பார்க்கிறது. கண்ணை அகல விழித்து, இழுக்கும் பாரத்தின் நடுவே பார்க்கிறது. படத்தைப் பார்த்த பலரும் அந்தக் கண்ணைப் பற்றி எழுதியிருக்கிறார்கள். எமது கூட்டத்தில் ஒரு முதியவர் அதைக் கண்டுபிடிக்க ஒரு நிமிடம்கூட எடுக்கவில்லை. "இந்த மாடு புதுசா ஏருக்குப் பழகுறது சிஸ்டர். பழகின மாடு இப்படி முழிக்காது" என்றார். உண்மையோ இல்லையோ, அருங்காட்சியகத்தில் நின்று பார்ப்பவர் சொல்லக்கூடிய வார்த்தை அல்ல அது. ஏர் பிடித்தவர் மட்டுமே சொல்லக்கூடியது.

ஒரு தாய் வேறொன்றைக் கேட்டார். "ஒரு கலப்பைக்கு ஆறு மாடு எதுக்கு? நம்ம ஊருல ஒரு சோடிதானே?" நல்ல கேள்வி. விடை மண்ணில் இருக்கிறது. எமது நாட்டுக் கலப்பை மண்ணைக் கீறிக்கொண்டு போகும், பிரட்டாது. அதற்கு ஒரு சோடி மாடு போதும். ஐரோப்பாவின் கனத்த களிமண் நிலங்களில் பயன்பட்ட கலப்பை மண்ணை ஆழமாக வெட்டி, கீழ்மண் மேலே வரும்படி புரட்டிப் போடும். அதை இழுக்கப் பல மாடுகள் வேண்டும். படத்தில் நடப்பது ஆண்டின் முதல் உழவு. கோடை முடியும் காலத்தில் நிலத்தைத் திறந்துவிட்டு, குளிர்காலம் முழுவதும் மண்ணுக்குக் காற்றுப் படும்படி விடுவார்கள். எமது கோடை உழவின் நோக்கமும் ஏறக்குறைய இதுவே.

இன்னொரு வேறுபாட்டையும் கவனித்தார்கள். அந்த மாடுகளுக்குத் திமில் இல்லை. எமது மாட்டுக்கு நுகத்தடி திமிலுக்கு முன்னால் கழுத்தில் படிகிறது. திமில் இல்லாத மாடுகளைப் பூட்டுவதற்குப் பிரான்சின் பல பாகங்களில் நுகத்தைத் தலையில், கொம்போடு சேர்த்து வாரினால் கட்டுவது வழக்கம். மாட்டின் உடம்புக்கு ஏற்றபடியே மனிதன் நுகத்தைச் செய்திருக்கிறான்.

தீட்டியவர் யார்?

ரோஸா பொன்ஹர் 1822ஆம் ஆண்டு மார்ச் மாதம் பொர்தோ நகரில் பிறந்தார். தந்தை ஓர் ஓவியர், வருமானம் குறைந்தவர். ரோஸாவுக்குப் பதினொரு வயதானபோது தாய் இறந்தார். பெண்களுக்கு அரசாங்கத்தின் பெரிய ஓவியப் பள்ளியில் இடமில்லாத காலம் அது. தந்தையிடமே கற்றார். விலங்குகளைச் சரியாக வரையவேண்டுமானால் எலும்பும் தசையும் எவ்வாறு பொருந்தியிருக்கின்றன என்று தெரியவேண்டும். அதற்காகப் பாரிஸின் மாடறுக்கும் தொட்டிகளுக்கும் சந்தைகளுக்கும் போனார். இரத்தமும் சேறும் நிறைந்த அந்த இடங்களில் நீண்ட பாவாடையோடு நடமாட முடியாது. அக்காலத்தில் பெண் காற்சட்டை அணிவதற்குப் பொலிசாரின் அனுமதி வேண்டும். அந்த அனுமதிப் பத்திரத்தையும் எடுத்துக்கொண்டார்.

1848இல் பிரெஞ்சு அரசாங்கம் அவரிடம் ஓர் உழவுக் காட்சியைத் தீட்டித் தரும்படி கேட்டு 3000 பிராங்க் விலை பேசியது. அதன் விளைவே இப்படம். 1849இல் பாரிஸில் நடந்த பெரிய ஓவியக் கண்காட்சியில் அது வைக்கப்பட்டபோது அவர் பெயர் நாடெங்கும் பரவியது. பின்னர் அவர் தீட்டிய 'குதிரைச் சந்தை' இன்று நியூயோர்க்கில் இருக்கிறது. அதன் அகலம் ஐந்து மீற்றருக்கும் அதிகம். 1865இல் பிரெஞ்சு நாட்டின் உயர் கௌரவ விருது அவருக்குக் கிடைத்தது. அதைப் பெற்ற முதல் பெண் ஓவியர் அவரே. 1899இல் அவர் இறக்கும் வரை பொந்தென்புளோ காட்டின் அருகே தமது வீட்டில் ஆடு, மாடு, குதிரை முதல் சிங்கம் வரை வளர்த்தார்.

இந்த வாழ்வில் எமது பெண் பிள்ளைகளுக்கு ஒரு செய்தி உண்டு. அவர் அரண்மனையையும் போர்க்களத்தையும் தேடிப் போகவில்லை. மாட்டை உற்றுப் பார்த்தார். பொறுமையாக, மூக்கின் ஈரம் வரை, தோலின் மடிப்பு வரை பார்த்தார். அதுவே அவரை உயர்த்தியது.

1848உம் 1948உம்

படம் பிறந்த காலத்தையும் நாம் அறியவேண்டும். 1848இல் பிரான்சில் புரட்சி நடந்து மன்னராட்சி வீழ்ந்தது. வளர்ந்த ஆண்கள் யாவருக்கும் வாக்குரிமை கிடைத்தது. நிலம் உள்ளவன், இல்லாதவன் என்ற பேதம் அதில் இல்லை. பெண்களுக்கு அது கிடைக்க 1944 வரை காத்திருக்க நேர்ந்தது. அதே 1848இல் பிரெஞ்சுக் குடியேற்ற நாடுகளில் அடிமை முறையும் ஒழிக்கப்பட்டது. எனவே, படத்தில் மாட்டுக்குப் பின்னால் முகம் மறைந்து நடக்கும் அந்த உழவர், முதன்முறையாக வாக்குப் பெற்ற தலைமுறையைச் சேர்ந்தவர்.

அந்த வருடங்களில் எமது முன்னோர் எங்கே இருந்தார்கள்? தென்னிந்தியக் கிராமங்களில் இருந்து புறப்பட்டு, கடல் கடந்து மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே கால்நடையாக மலையேறி, கோப்பித் தோட்டங்களை உருவாக்கிக்கொண்டிருந்தார்கள். வழியில் விழுந்தவர்கள் பலர். அவர்களை நிறுத்தி வைத்து எந்த அரசாங்கமும் ஓவியம் தீட்டச் சொல்லவில்லை.

சரியாக நூறு ஆண்டுகளுக்குப் பின், 1948இல் இலங்கையில் நிறைவேறிய பிரசாவுரிமைச் சட்டத்தால் மலையகத் தமிழரில் மிகப் பெரும்பாலானோர் நாடற்றவராயினர். 1949இல் வாக்குரிமையும் போயிற்று. இழந்ததைத் திரும்பப் பெறும் சட்டங்கள் 1988இலும் 2003இலும் வந்தன. அதற்குள் எத்தனை குடும்பங்கள் பிரிந்து கடல் கடந்தன, எத்தனை குடும்பங்கள் வன்செயலால் விரட்டப்பட்டு வடக்கே போயின என்பதை உங்களுக்கு நாம் சொல்லத் தேவையில்லை.

ஊவாவின் மாடுகள்

ஊவாவுக்கும் மாட்டுக்கும் உள்ள உறவு பழையது. வெல்லஸ்ஸ என்ற பெயருக்கே இலட்சம் வயல் என்று பொருள் சொல்வார்கள். 1818இல் ஊவா மக்களின் எழுச்சியை அடக்க வந்த ஆங்கிலேயப் படை வயல்களை எரித்தது, குளங்களை உடைத்தது, கால்நடைகளை அழித்தது. நிலத்தை விட்டு மக்களைப் பிரிக்கவேண்டுமானால் முதலில் மாட்டை இல்லாமற் செய்யவேண்டும் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

புகையிரதம் பண்டாரவளைக்கு வந்தது 1894இல், பதுளைக்கு வந்தது 1924இல். அதற்கு முன் அம்பாந்தோட்டை உப்பு இம்மலைகளுக்கு ஏறியது பொதிமாடுகளின் முதுகில். சிங்களத்தில் அந்த மாட்டு வரிசையைத் 'தவலம' என்பார்கள். கோப்பியும் பின்னர் தேயிலையும் இறங்கியது மாட்டு வண்டியில். தோட்டங்களின் வரலாற்றில் துரைமார் பெயர் இருக்கிறது. தொழிலாளி பெயர் அருமை. மாட்டின் பெயரோ எங்கும் இல்லை.

ஆனாலும் லயத்து வாழ்வில் மாடு இல்லாத காலம் உண்டா? வேலை முடிந்து மலையிலிருந்து இறங்கும்போது தலையில் புல்லுக்கட்டு. லயத்துக்குப் பின்னால் தகரம் போட்ட மாட்டுப்பட்டி. காலையில் பெரட்டுக்குப் போகுமுன் பால் கறந்து கொடுத்துவிட்டு ஓடுவது. பிள்ளையின் பள்ளிக்கூடச் சப்பாத்து, பெரிய மகளின் காதுத் தோடு, மருந்துச் செலவு யாவும் அந்தப் பட்டியிலிருந்தே வந்தன. சாணம் மரக்கறித் தோட்டத்துக்கு. தைப்பொங்கலுக்கு மறுநாள் கொம்புக்கு வர்ணம். சம்பளத்தில் சேமிக்க முடியாத குடும்பத்துக்கு மாடே வங்கி.

2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலை, கொஸ்லாந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியது. அபாயம் பற்றிய எச்சரிக்கை முன்னரே விடப்பட்டிருந்த இடம் அது. போய் வாழ வேறு நிலம் இல்லாத மக்கள் அங்கேயே வாழ்ந்தார்கள். அதே ஆண்டின் இறுதியில், உமாஓயாத் திட்டத்தின் சுரங்கத்தில் நீர் கசியத் தொடங்கியபின், பண்டாரவளைப் பகுதியில் கிணறுகள் வற்றின, வீடுகள் வெடித்தன. மழையாலும் மனிதன் வெட்டிய சுரங்கத்தாலும் நிலம் கைநழுவிப்போன குடும்பங்கள் இம்மாகாணத்தில் அநேகம்.

கூட்டம் முடிந்து எல்லோரும் தேநீருக்குப் போனபின் ஒருவர் மட்டும் படத்தின் முன் நின்றார். "முகாமுல மாடு கட்ட எடமில்லன்னு சொன்னாங்க. கேட்ட வெலைக்குக் குடுத்துட்டேன். லட்சுமின்னு பேரு. லொறியில ஏறமாட்டேன்னு இப்படித்தான் திரும்பிப் பாத்துச்சு" என்றார். பின்பு, தமக்குக் கிடைத்த நட்டஈட்டுப் படிவத்தில் வீட்டுக்கு இடம் இருந்ததாகவும், பாத்திரம் பண்டத்துக்கு இடம் இருந்ததாகவும், மாட்டுக்கு இடம் இல்லை என்றும் சொன்னார். எம்மிடம் பதில் இருக்கவில்லை. அவருக்கு அருகில் நின்றோம்.

படம் சொல்லாதவை

எந்தப் படத்தையும் கண்ணை மூடிக்கொண்டு புகழக்கூடாது. நல்ல படத்திடமும் கேள்வி கேட்கவேண்டும். இந்த நிலம் யாருடையது? மாடுகள் உழுகிறவருக்குச் சொந்தமா, பண்ணைக்காரருக்கா? நாட்கூலி எவ்வளவு? படம் இவற்றைச் சொல்லவில்லை. அங்கே வெயில் இருக்கிறது, பசி இல்லை. பாரம் இருக்கிறது, கடன் இல்லை. புரட்சியால் கலங்கியிருந்த நாட்டில், அமைதியான வளமான கிராமத்தைக் காண ஆட்சியாளர் விரும்பியிருக்கலாம்.

எனவே இதனுடன் சேர்த்து இன்னொரு படத்தையும் பார்ப்பது நல்லது. நோர்மண்டிக் கமக்காரக் குடும்பத்தில் பிறந்த மிலே என்ற ஓவியர் 1857இல் தீட்டிய 'கதிர் பொறுக்குவோர்' அது. அறுவடை முடிந்த வயலில் மூன்று பெண்கள் குனிந்து சிந்திய கதிர்களைப் பொறுக்குகிறார்கள். விவிலியத்தில் ரூத்து செய்த அதே வேலை. தூரத்தில் மலைபோல் குவிந்த வைக்கோற்போர். அதற்கு அருகே குதிரைமேல் ஒரு கண்காணிப்பாளர். இப்படத்தைக் காட்டியபோது கொழுந்தெடுத்துப் பழகிய பெண்கள் சிரித்துவிட்டார்கள். முதுகு வளைந்த விதத்திலேயே அவர்களுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. குதிரையில் இருப்பவர் யார் என்று நாம் சொல்ல நேரவில்லை. பொன்ஹர் மாட்டுக்கு மதிப்பைக் கொடுத்தார். மிலே உழைப்பவளின் முதுகுவலியையும் அவளுக்கும் போருக்கும் இடையே உள்ள தூரத்தையும் காட்டினார். இரண்டும் உண்மை. இரண்டும் வேண்டும்.

எலிசாவின் பன்னிரண்டு ஏர்கள்

இறைவாக்கினர் எலியா தேடிப்போனபோது எலிசா உழுதுகொண்டிருந்தார் என்று அரசர்கள் நூல் கூறுகிறது. பன்னிரண்டு ஏர்கள் அங்கே உழுதன, பன்னிரண்டாவதை அவர் ஓட்டினார். அழைப்பு வந்ததும் மாடுகளை அடித்து, ஏர் மரத்தையே விறகாக்கிச் சமைத்து, மக்களுக்கு விருந்து வைத்துவிட்டு அவர் நிலத்தை விட்டுப் போனார். அவர் விரும்பிப் போனார், விடைபெற்றுப் போனார். உங்களுக்கு அப்படியொரு விடைபெறுதல் கிடைக்கவில்லை. இரவோடு இரவாக, மழையோடு மழையாக வெளியேறியவர்கள் நீங்கள். கலப்பையில் கை வைத்தவர் திரும்பிப் பார்க்கலாகாது என்ற போதனையை உங்கள்மேல் குற்றமாகச் சுமத்துவது தகாது. இழந்த நிலத்தைத் திரும்பிப் பார்ப்பது பாவமல்ல. ஓய்வு நாளில் மாடும் கழுதையும் இளைப்பாறவேண்டும் என்று சட்டம் தந்த இறைவன், மாட்டுக்காகக் கண்ணீர் விடுபவரையும் அறிவார்.

நாம் என்ன செய்யலாம்?

கண்டி திரித்துவக் கல்லூரி ஆலயத்தில் டேவிட் பெயின்டர் என்ற எமது நாட்டு ஓவியர் நற்செய்திக் காட்சிகளை இந்நாட்டு மண்ணோடும் முகங்களோடும் சுவரில் தீட்டியிருக்கிறார். அந்நியப் படங்களைப் பார்த்து வியப்பதோடு நின்றுவிடாமல், எமது வாழ்வை நாமே வரையலாம் என்பதற்கு அது சான்று. பெரிய கலை வேண்டியதில்லை. ஒரு பெரிய கடதாசியும் சில நிறப் பென்சில்களும் போதும்.

முதலாவது, குடும்பமாக உட்கார்ந்து நீங்கள் விட்டுவந்த இடத்தின் படத்தை வரையுங்கள். லயம், பீலி, கோவில், மாட்டுப்பட்டி, மரக்கறிப் பாத்தி, எல்லை மரம் ஒவ்வொன்றையும் குறியுங்கள். பாட்டன் பாட்டி சொல்லட்டும், பிள்ளைகள் வரையட்டும்.

இரண்டாவது, மாடு, ஆடு, கோழிகளை எழுதுங்கள். எண்ணிக்கை, நிறம், கொம்பின் அமைப்பு, கன்று ஈன்ற காலம், கறந்த பால், விற்ற விலை, விற்ற திகதி. பெயரையும் எழுதுங்கள். ஒரு பிரதியைக் கிராம சேவகரிடமும் பிரதேச செயலகத்திலும் கொடுத்து, பெற்றுக்கொண்டதாகக் கையொப்பம் வாங்குங்கள். படிவத்தில் இடமில்லாவிட்டால் தனித்தாளில் எழுதி இணையுங்கள். எழுதாத இழப்பை யாரும் கணக்கில் எடுக்கமாட்டார்கள்.

மூன்றாவது, புதிய வீடு பற்றிய கூட்டங்களில் மாட்டுப்பட்டிக்கும் புல் வெட்டும் இடத்துக்கும் நிலம் கேளுங்கள். ஏழு பேர்ச்சில் வீடு நிற்கும், பட்டி நிற்காது. குடும்பங்கள் பல சேர்ந்து பொதுப் பட்டி ஒன்றுக்குக் கேட்பது எளிது.

நான்காவது, புதிய நிலத்தில் கை வைக்கும்போது சரிவை மறவாதீர்கள். நிவெர்னேயின் மென்சரிவில் தகும் ஆழ உழவு எமது மலைக்குத் தகாது. மேலிருந்து கீழாக அல்ல, சரிவுக்குக் குறுக்கே பாத்தி அமையுங்கள். கல்லணை கட்டுங்கள், வரம்பில் புல் நடுங்கள். அந்தப் புல் மண்ணையும் பிடிக்கும், மாட்டுக்கும் ஆகும்.

கூட்டம் முடிந்து படத்தைக் கழற்றப் போனபோது, அது அங்கேயே இருக்கட்டும் என்றார்கள். விட்டுவந்தோம். அடுத்த முறை சென்றபோது அதன் பக்கத்தில் வேறு படங்களும் ஒட்டப்பட்டிருந்தன. பென்சிலால் கீறிய ஒரு லயம். பீலியில் குடத்தோடு ஒரு பெண். கால்கள் சற்று நீளமாகிப்போன, நெற்றியில் வெள்ளைப் பொட்டுள்ள ஒரு பசு. அதன் கீழே, பிள்ளையின் எழுத்தில், 'லட்சுமி' என்றிருந்தது.